தெரியாமப் பட்டாலும் ஃபவுல்தானா? கடற்கரைத் திடல் வாக்குவாதங்களுக்குப் பின்னால் உள்ள விதிகள்

ராமநாதபுரம் கடலோரத் திடல்களில் ஒரே இளைஞர் காலையில் கால்பந்தும் சாயங்காலம் வாலிபாலும் ஆடுவார். ஊர்த் திருவிழா வந்தால் கபடிக் களத்தில் நிற்பார். பாம்பன், பெரியபட்டினம், கீழக்கரை, தொண்டி என எங்கே பார்த்தாலும் இதுதான். மூன்று ஆட்டத்திலும் நடுவர் விசில் ஊதியதும் அவர் வாயிலிருந்து வரும் பதிலும் ஒன்றுதான்: “தெரியாமப் பட்டுச்சுண்ணே!”

அந்தப் பதில் ஓர் ஆட்டத்தில் செல்லும், இன்னோர் ஆட்டத்தில் அரைகுறையாகச் செல்லும், மற்றொன்றில் செல்லவே செல்லாது. திடலில் நடக்கும் பெரும்பாலான வாக்குவாதங்கள் விதி தெரியாததால் வருவதில்லை. ஓர் ஆட்டத்தின் விதியை மனதில் வைத்துக்கொண்டு இன்னோர் ஆட்டத்தைப் பார்ப்பதால்தான் வருகின்றன.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

‘ஃபவுல்’ என்று பொதுவாகச் சொன்னாலும் விதிப்புத்தகங்கள் நான்கு வெவ்வேறு விஷயங்களைத் தனித்தனியாக வைத்திருக்கின்றன.

1. ஃபவுல்: எதிராளியின் உடலுக்கோ ஆட்ட உரிமைக்கோ எதிராகச் செய்வது. கால்பந்தில் காலை இடறிவிடுவது, கூடைப்பந்தில் கையைத் தட்டுவது.

2. விதிமீறல்: யாரையும் தொடாமலே ஆட்டத்தின் முறையை மீறுவது. கூடைப்பந்தில் பந்தைத் தட்டாமல் நடப்பது இந்த வகை. பந்து எதிரணிக்குப் போகும். வீரரின் ஃபவுல் கணக்கில் ஏறாது. பன்னாட்டு விதியில் 5 ஃபவுல் ஆனால் வீரர் வெளியேற வேண்டும், ஆனால் எத்தனை முறை நடந்து பிடிபட்டாலும் வெளியேற வேண்டியதில்லை.

3. தவறு: வாலிபாலில் பயன்படும் சொல். வலையில் படுவது, கோட்டை மிதித்து சர்வீஸ் போடுவது, நான்காவது முறை தொடுவது எல்லாம் தவறுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்கு ஒரு புள்ளி. பெரிய தவறு, சிறிய தவறு என்ற பாகுபாடு இல்லை.

4. ஒழுங்கீனம்: நடுவரைத் திட்டுவது, வேண்டுமென்றே நேரத்தைக் கடத்துவது, எதிராளியை அடிப்பது. இவற்றுக்குத்தான் அட்டைகள். 1970 உலகக் கோப்பைக் கால்பந்தில் மஞ்சளும் சிவப்பும் முதன்முதலாக வந்தன. வீரருக்கும் நடுவருக்கும் மொழி வேறாக இருந்தாலும் தண்டனை புரிய வேண்டும் என்பதற்காக.

எந்த ஆட்டத்து ஃபவுலையும் மூன்று கேள்விகளால் அளக்கலாம். உடல் படுவதற்கு எவ்வளவு அனுமதி? வீரரின் எண்ணம் கணக்கில் வருமா? நட்டம் எப்படி ஈடு செய்யப்படுகிறது? இவற்றில் இரண்டாவது கேள்விதான் சண்டையின் ஊற்று.

கால்பந்து: எண்ணத்தைப் பார்ப்பதில்லை, கவனத்தைப் பார்க்கிறார்கள்

இடறுவது, உதைப்பது, தள்ளுவது, மேலே பாய்வது, மோதுவது ஆகியவற்றில் நடுவர் கேட்பது “வேண்டுமென்றே செய்தாரா?” என்பதை அல்ல. எவ்வளவு கவனக்குறைவு என்பதைத்தான். அதற்கு மூன்று படிகள்.

1. கவனக்குறைவு: பந்தை எடுக்கப் போய்ப் பிந்திவிட்டார், எதிராளியின் கால் மாட்டிக்கொண்டது. நேரடி ஃப்ரீ கிக், அதாவது பந்தை அப்படியே கோலுக்கு உதைக்கலாம். அட்டை கிடையாது.

2. பொறுப்பின்மை: எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் இறங்கினார். ஃப்ரீ கிக்கோடு மஞ்சள் அட்டை.

3. மிகையான விசை: எதிராளியின் உடலுக்கே ஆபத்து என்ற அளவுக்குப் பாய்ந்தார். சிவப்பு அட்டை.

ஆக, “தெரியாம இடறிட்டேன்” என்பது தன்னை விடுவிக்கும் வாதம் ஆகாது. முதல் படியை ஒப்புக்கொள்வதாகத்தான் முடியும். “பந்தைத்தான் எடுத்தேன்” என்பதும் அப்படியே. பந்தை முதலில் தொட்டிருந்தாலும், அதே பாய்ச்சலில் ஆளையும் சாய்த்தால் ஃபவுல் உண்டு.

கையில் பந்து படுவதில் மட்டும் எண்ணத்துக்கு இடம் இருக்கிறது, அதுவும் பாதிதான். வேண்டுமென்றே கையைப் பந்தை நோக்கிக் கொண்டுபோனால் குற்றம். கையை இயல்புக்கு மீறி விரித்து உடலைப் பெரிதாக்கி வைத்திருக்கும்போது பட்டாலும் குற்றம், எண்ணம் இல்லாவிட்டாலும். மாறாக, உடலோடு ஒட்டிய கையில் அருகிலிருந்து அடித்த பந்து பட்டால் ஆட்டம் தொடரும். கோல் போட்டவரின் கையில் பட்டு நேராகவோ உடனடியாகவோ கோலானால், தற்செயல் என்றாலும் கோல் செல்லாது. கை என்பது அக்குளின் அடிப்பகுதி மட்டத்திலிருந்து கீழே. தோளின் மேற்பகுதி கை இல்லை. இந்த ஒரு வரையறையைத் திடலில் எல்லோரும் அறிந்திருந்தாலே பாதிக் கூச்சல் அடங்கும்.

பெனால்டி பகுதிக்குள் தெளிவான கோல் வாய்ப்பைத் தடுத்தால் சிவப்பு அட்டை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2016 முதல் இதில் ஒரு தளர்வு: பந்தை எடுக்கும் உண்மையான முயற்சியில் நடந்த ஃபவுல் என்றால் பெனால்டியும் மஞ்சளும் போதும். இழந்த வாய்ப்பு 11 மீட்டர் உதையாகத் திரும்பக் கிடைத்துவிட்டதால், ஆளையும் வெளியேற்றுவது இரட்டைத் தண்டனை என்று கருதப்பட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தாலோ தள்ளினாலோ சிவப்புதான்.

புதிய மாற்றம் ஒன்றும் குழப்புகிறது. 2025 ஜூலை முதல், கோல்கீப்பர் பந்தை 8 வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர் கிக். முன்பு 6 வினாடி, தண்டனை மறைமுக ஃப்ரீ கிக். அது கோலுக்கு மிக அருகே அமைவதால் நடுவர்கள் கொடுக்கத் தயங்கினார்கள். தண்டனை அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் விதி ஏட்டில்தான் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

மணல் திடலுக்கு ஒரு தனி எச்சரிக்கை. புல்தரைக் கால்பந்தில் காலணி கட்டாயம். கடற்கரைக் கால்பந்து விதியிலோ காலணிக்கே அனுமதி இல்லை. ஃப்ரீ கிக் எல்லாம் நேரடி, முன்னால் சுவர் கட்டி நிற்கவும் முடியாது. நம் திடல்களில் சிலர் பூட்ஸோடும் சிலர் வெறுங்காலோடும் இறங்கும்போது, சாதாரணக் கவனக்குறைவே வெறுங்கால்காரரின் விரலை முறித்துவிடும். எல்லோரும் பூட்ஸ் அல்லது எல்லோரும் வெறுங்கால், இரண்டில் ஒன்றைப் போட்டி தொடங்கும் முன்பே முடிவு செய்வது கட்டாயம்.

வாலிபால்: தெரியாமப் பட்டாலும் புள்ளி போய்விடும்

வாலிபாலில் எண்ணத்துக்கு வேலையே இல்லை. ஆன்டெனா எனப்படும் சிவப்பு வெள்ளைக் கம்பிகள் இரண்டுக்கும் இடையில், பந்தை ஆடும் செயலின்போது வலையில் உடல் பட்டால் தவறு. குதிப்பது, அடிப்பது, பிளாக்குக்கு (எதிராளி அடிக்கும் பந்தை வலையோரம் கையால் தடுக்க) எழுவது, தரையிறங்குவது எல்லாம் ஆடும் செயலில் அடங்கும். காற்றடித்து வலை உங்கள் மேல் வந்து படுவதும், எதிராளி அடித்த பந்து வலையைத் தள்ளி உங்கள் கையில் படவைப்பதும் தவறில்லை. முதலாவதில் வலையைத் தொட்டது நீங்கள். மற்ற இரண்டிலும் உங்களைத் தொட்டது வலை. அந்த வேறுபாட்டைத்தான் நடுவர் பார்க்கிறார்.

சர்வீஸ் வலையில் பட்டு அப்பால் விழுந்தால் ஆட்டம் தொடரும். இந்த விதி மாறிப் பல ஆண்டுகள் ஆகியும், பழைய ஆட்டக்காரர்கள் சிலர் இன்னும் கையைத் தூக்கி நிறுத்துகிறார்கள்.

இங்கே பெரிய சிக்கல் வேறொன்று. கடற்கரையில் ஆடுவதால் அது ‘பீச் வாலிபால்’ ஆகிவிடாது. பன்னாட்டு பீச் வாலிபால் இருவர் ஆட்டம், களம் 16க்கு 8 மீட்டர். உள்ளரங்க ஆட்டம் ஆறு பேர், களம் 18க்கு 9 மீட்டர். நம் ஊர்களில் நடப்பது ஆறு பேர் மணலில் ஆடும் ஆட்டம். அதாவது இரண்டு விதிப்புத்தகத்துக்கும் நடுவே நிற்கும் ஆட்டம். இரண்டும் முரண்படும் இடங்கள் இவை:

1. நடுக்கோடு. ஆறு பேர் ஆட்டத்தில் பாதம் முழுவதும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்க்களத்தில் படிந்தால் தவறு. பாதத்தின் ஒரு பகுதி கோட்டின் மேல் இருந்தால் தவறில்லை. பீச் வாலிபாலில் நடுக்கோடே கிடையாது. எதிராளியின் ஆட்டத்துக்கு இடையூறு இல்லாதவரை காலை அப்பக்கம் வைக்கலாம். மணலில் தரையிறங்கும் கால் சறுக்கி முன்னே போவது இயல்பு. எந்த விதி என்று சொல்லாமல் தொடங்கினால் ஒவ்வொரு ஸ்மாஷுக்கும் ஒரு வாக்குவாதம்.

2. பிளாக். ஆறு பேர் ஆட்டத்தில் பிளாக்கில் பட்ட பந்து தொடுகைக் கணக்கில் சேராது. அதன்பின் மூன்று முறை ஆடலாம். பீச்சில் அது முதல் தொடுகை, மிச்சம் இரண்டுதான்.

3. விரல் நுனியால் தட்டி வைப்பது. ஆறு பேர் ஆட்டத்தில் வலைக்கு அருகே எழும்பி, கையில் பிடித்து எறிவதுபோல் ஆக்காமல் விரல்களால் தட்டி வைக்கலாம். பீச்சில் விரித்த விரல்களால் அப்படி வைத்தால் தவறு. மடக்கிய விரல் முட்டிகளால் தட்டலாம்.

4. செட் (சக ஆட்டக்காரர் அடிப்பதற்காகத் தூக்கிக் கொடுக்கும் பந்து) காற்றில் பறப்பது. பீச் விதியில் இரு கை உயர்த்தி வலைக்கு அப்பால் அனுப்பும் பந்து தோள்களின் கோட்டுக்குச் செங்குத்தாகப் போக வேண்டும். ஆனால் தன் அணிக்காரருக்குத்தான் செட் போட்டார், அது தவறி அப்பால் போய்விட்டது என்றால் தவறில்லை. எண்ணத்துக்கு இடமே இல்லாத ஆட்டத்தில் இது அரிய விலக்கு. மார்கழி, தை வாடையில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கரையில் ஆடுபவர்களுக்கு இதன் நியாயம் உடனே விளங்கும்.

காற்றுக்கு ஈடாகத்தான் பீச் ஆட்டத்தில் முதல் இரண்டு செட்டிலும் 7 புள்ளிக்கு ஒரு முறை, மூன்றாவது செட்டில் 5 புள்ளிக்கு ஒரு முறை பக்கம் மாறுகிறார்கள். உள்ளரங்க முறைப்படி செட் முடிந்து மாறினால், ஓர் அணி 25 புள்ளிவரை எதிர்க்காற்றிலேயே ஆட வேண்டியிருக்கும். ஆறு பேர் ஆட்டமாக இருந்தாலும் கடற்கரையில் இந்த 7 புள்ளி முறையை எடுத்துக்கொள்வதே நேர்மை.

அட்டைகளின் பொருளும் கால்பந்திலிருந்து வேறுபடும். வாலிபாலில் மஞ்சள் வெறும் எச்சரிக்கை. சிவப்பு என்றால் எதிரணிக்கு ஒரு புள்ளி மட்டும். வீரர் களத்திலேயே இருப்பார். இரண்டையும் ஒரே கையில் சேர்த்துக் காட்டினால் அந்த செட் முழுக்க வெளியே. இரு கைகளில் தனித்தனியாகக் காட்டினால் ஆட்டம் முழுக்க வெளியே. சிவப்பைப் பார்த்ததும் வீரரைத் திடலை விட்டு இறங்கச் சொல்லும் பார்வையாளர்கள் கால்பந்து விதியைத்தான் கத்துகிறார்கள்.

கபடி: பிடிப்பதுதான் ஆட்டம், எங்கே பிடிப்பது என்பதுதான் விதி

உடல் படுவது ஃபவுல் என்ற எண்ணத்தோடு கபடிக்கு வந்தால் ஒன்றும் புரியாது. கணுக்காலைப் பிடிக்கலாம், தொடையைக் கட்டலாம், இடுப்பைச் சுற்றிப் பிடிக்கலாம், தோளால் மோதி எல்லைக்கு வெளியே தள்ளும் ‘டேஷ்’ கூட நல்ல உத்திதான். அனுமதி இல்லாதவை:

1. கை, கால், நடுவுடல் தவிர வேறு எதையும் வேண்டுமென்றே பிடிப்பது. தலைமுடியை இழுப்பதும் இதில் வரும். அப்படிப் பிடித்தால் பாடி வந்தவர் அவுட் ஆகமாட்டார்.

2. பாட்டை நிறுத்த வாயைப் பொத்துவது, தொண்டையை நெரிப்பது.

3. இரு கால்களையும் கத்தரிபோல் மாட்டிப் பிடிப்பது. முழங்கால் திருகிப் போகும் என்பதுதான் காரணம்.

4. உடலில் எண்ணெய் போன்ற வழுக்கும் பொருளைத் தடவி இறங்குவது, நகம் வெட்டாமல் வருவது. பிடியே ஆட்டம் என்பதால், பிடி வழுக்குவது எதிராளியின் உரிமையைப் பறிப்பது.

பாட்டுக்கும் விதி உண்டு. எதிர்க்களத்தை மிதிக்கும் முன்பே ‘கபடி’ என்ற சொல் தொடங்கிவிட வேண்டும். பிந்தினால் எதிரணிக்கு ஒரு புள்ளியும் அடுத்துப் பாடும் முறையும் போகும். ‘சடுகுடு’ என்று பாடுவது ஊர் மரபு. பன்னாட்டு விதியில் ‘கபடி’ மட்டுமே செல்லும். அட்டை மூன்று: பச்சை எச்சரிக்கை, மஞ்சள் 2 நிமிடம் வெளியே, சிவப்பு முழுவதுமாக வெளியே.

இனி லாபி. ஆண்கள் களம் 13க்கு 10 மீட்டர். அதில் இரு ஓரமும் ஒவ்வொரு மீட்டர் லாபி. யாரையாவது தொட்ட பிறகோ பிடிபட்ட பிறகோதான் லாபி களத்தின் பகுதியாகிறது. அதற்கு முன் அங்கே கால் வைத்தால் வெளியே போனதற்குச் சமம். 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியில் இந்தியாவும் ஈரானும் 28-28 என நின்றபோது நடந்தது இதுதான். பாடிச் சென்ற பவன் செராவத் யாரையும் தொடாமல் லாபிக்குள் போனார். ஈரான் தடுப்பாளர்களும் அவரைத் தொடர்ந்து உள்ளே போனார்கள். பாடியவர் மட்டும் அவுட் என்று ஆட்டத்தை அங்கேயே நிறுத்துவதா, பின்தொடர்ந்தவர்களும் அவுட்டா? இரு விதிகளும் இருவேறு காலத்தில் வழக்கில் இருந்தவை. முடிவு மாறி மாறி வந்து ஆட்டம் சுமார் ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் 33-29 என இந்தியா வென்றது. ஆசியாவின் இறுதி ஆட்டத்துக்கே இந்த நிலை என்றால், மணலில் கயிறு கட்டி லாபி வரையும் திருவிழாப் போட்டியில் முன்கூட்டியே விதியைச் சொல்லாமல் இறங்கக் கூடாது. கயிறு மணலுக்குள் புதைந்தால் லாபியே காணாமல் போய்விடும்.

கடலுக்குள்: விசில் இல்லாத இடத்து ஃபவுல்

தொண்டிப் பக்கத்து ஊர்களில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகள் ஒவ்வொரு ஊரின் கட்டுப்பாட்டுப்படி நடக்கின்றன. பன்னாட்டுப் பாய்மர விதிகளை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அடிப்படை மூன்று:

1. இரு படகுகள் எதிரெதிர்ப் பக்கத்தில் காற்று வாங்கி வந்தால், இடப்பக்கம் காற்று வாங்கும் படகு விலக வேண்டும். வலப்பக்கம் வாங்கும் படகுக்கு வழியுரிமை.

2. இரண்டும் ஒரே பக்கம் காற்று வாங்கி அருகருகே போனால், காற்று முதலில் வந்து படும் படகு விலக வேண்டும்.

3. பின்னாலிருந்து முந்த வருபவர் விலக வேண்டும்.

வழியுரிமை உள்ளவரும் மோதலைத் தவிர்க்கக் கூடிய நிலையில் தவிர்த்தே ஆக வேண்டும். உரிமை இருக்கிறது என்று அணியத்தை (படகின் முன்முனையை) கொண்டு இடிக்க முடியாது. ஆனால், அடுத்தவர் பாய்க்கு வரும் காற்றை உங்கள் பாயால் மறைப்பது ஃபவுல் இல்லை, அது திறமை. கரையில் நின்று பார்ப்பவர்கள் அதிகம் கூச்சல் போடுவது இதற்குத்தான். துடுப்புப் போட்டு வேகம் கூட்டுவதும், படகை ஆட்டி ஆட்டி முன்னே தள்ளுவதும் குற்றம். காற்றும் நீரும் மட்டுமே படகை நகர்த்த வேண்டும்.

வியப்பானது தண்டனை முறை. தவறு செய்தவர் தானே ஒப்புக்கொண்டு, ஒதுங்கி, ஒரே திசையில் இரண்டு முழு வட்டம் சுற்றிவிட்டுப் போட்டியைத் தொடரலாம். மிதவையில் இடித்தால் ஒரு வட்டம். ஒப்புக்கொள்ளாவிட்டால் எதிராளி அப்போதே உரக்கக் கூவி எதிர்ப்பைத் தெரிவிக்க வேண்டும். விசாரணை கரையேறிய பின். அங்கே குற்றம் உறுதியானால் பெரும்பாலும் அந்த ஓட்டத்திலிருந்தே நீக்கம்.

திறந்தகடல் நீச்சலிலும் இப்படி ஒரு தனித்தன்மை. கரையருகே ஆழம் குறைந்த இடத்தில் தரையில் கால் ஊன்றி நிற்கலாம். நடக்கவோ எம்பவோ கூடாது. உடன் வரும் படகைப் பிடித்துத் தொங்கினால் நீந்தியது செல்லாது. வேண்டுமென்றே அடுத்தவர் மேல் இடித்தால் முதலில் மஞ்சள் கொடி, மறுமுறை சிவப்புக் கொடி.

கிரிக்கெட்டும் தடகளமும், சுருக்கமாக

கிரிக்கெட்டில் ஃபவுல் என்ற சொல்லே இல்லை. நோ பால், வைட், முறையற்ற ஆட்டம் என்றுதான் உண்டு. ஸ்டம்புக்கு 1.22 மீட்டர் முன்னுள்ள கோட்டுக்குப் பின்னால் முன்காலின் ஏதாவது ஒரு பகுதி இருந்தாக வேண்டும். பந்து வீசும் முன் ஓடத் தொடங்கும் மறுமுனை மட்டையாளரை ரன் அவுட் செய்வது, 2019இல் ஐபிஎல்லில் அஸ்வின் ஜோஸ் பட்லரை அப்படி வெளியேற்றியபோது பெரும் விவாதமானது. 2022இல் அந்த விதி ‘முறையற்ற ஆட்டம்’ என்ற பிரிவிலிருந்து ‘ரன் அவுட்’ பிரிவுக்கு மாற்றப்பட்டது. விதி அப்போதும் அனுமதித்தது, இப்போதும் அனுமதிக்கிறது. வைத்திருக்கும் இடம் மாறியதால் குற்றப் பார்வை பந்து வீசுபவரிடமிருந்து ஓடுபவருக்குத் திரும்பியது. அதுவே சரி.

ஓட்டத்தில் 2010 முதல் முதல் தவறான புறப்பாட்டுக்கே நீக்கம். துப்பாக்கி ஒலிக்குப் பின் 0.1 வினாடிக்குள் உந்தினாலும் தவறுதான். ஒலியைக் கேட்டு உடல் அசைய அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும், எனவே அவர் ஊகித்துத்தான் கிளம்பினார் என்பது கணக்கு.

திடலில் நடத்துபவர்கள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டியவை

1. வாலிபால்: நடுக்கோடு, பிளாக், விரல் தட்டு மூன்றுக்கும் எந்த விதி. பக்கம் மாறுவது எத்தனை புள்ளிக்கு ஒரு முறை.

2. கபடி: தொடாமல் லாபிக்குள் போனால் அவுட் யார் யார். ‘சடுகுடு’ செல்லுமா.

3. கால்பந்து: பூட்ஸா வெறுங்காலா. கோல்கீப்பருக்கு 8 வினாடி விதி உண்டா.

4. கோடுகள்: மணலில் சுண்ணாம்பு நிற்காது. 5 செ.மீ. அகலப் பட்டையை விரித்து, மூலைகளில் மணல் நிரப்பிய பைகளைக் கட்டிப் புதைக்க வேண்டும். மெல்லிய கயிறு காலில் மாட்டும்.

5. வலை: மணலில் ஊன்றிய கம்பம் ஆட ஆடச் சாயும், வலை நடுவில் தொய்யும். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் என்பது களத்தின் நடுவில் அளக்கும் உயரம். இரு ஓரமும் சமமாக இருக்க வேண்டும், நடு உயரத்தைவிட 2 செ.மீ.க்கு மேல் கூடக் கூடாது. குறி போட்ட கழி ஒன்றைக் கம்பத்தோடு வைத்துக்கொண்டு ஒவ்வொரு செட் முடிந்ததும் அளந்து பார்க்க வேண்டும். வலை தொய்ந்து கிடந்தால், தரையிறங்கும் கை அதில் படாமல் இருக்காது.